யூனியா என்னும் பெயர்

பழைய நூல்களைப் பதிப்பிப்போர்க்கு ஒரு புள்ளியும் ஒரு காலும் எத்துணை இடர் விளைக்கும் என்பதைத் தமிழ் கற்றார் நன்கு அறிவர். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒரே வடிவினவாய் நின்றன. ஆகலின், சுவடியில் உள்ளது இதுவே எனப் பதிப்பாசிரியர் வெளியிடும் பாடத்தில் ஒரு பங்கு அவர்தம் தீர்ப்பே ஆகும். அத்தீர்ப்பு இலக்கணத்தையும் வழக்கையும் தழுவி நிற்கும் வரையில் இழுக்கில்லை. ‘நூலாசிரியர் இங்ஙனம் கூறியிருத்தல் இயலாது’ என்னும் முற்கோள் ஒன்று அத்தீர்ப்பை ஆளத் தொடங்குமாயின் நேர்வது யாது? கிறித்தவர்தம் புதிய ஏற்பாட்டில் ஒரு பெண்ணின் பெயர், பெரிதும் வழங்கும் கிரேக்கப் பதிப்பில் 70 ஆண்டுகளுக்கு மேலாக ஆண்பெயராய் அச்சிடப்பெற்று வந்த வரலாறு இவ்வினாவிற்குத் தக்க விடை தருவதாகும். அதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பவுல் கொரிந்து நகரில் தங்கியிருந்த காலத்தில், கி.பி. 57-ஐ ஒட்டி, உரோமாபுரியில் வாழ்ந்த கிறித்தவர்க்கு ஒரு நிருபம் எழுதினார். அதன் 16-ஆம் அதிகாரம் பெரும்பாலும் வாழ்த்துகளால் ஆயது. கோட்பாடு தேடி அந்நிருபத்தைக் கற்போர் இப்பகுதியை விரைந்து கடந்து செல்வர். வரலாறு தேடுவார்க்கோ இதனினும் பயனுடைய பகுதி அந்நிருபத்தில் இல்லை என்றே கூறலாம். பிரிஸ்கில்லாள், மரியாள், யூனியா, திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், ரூபின் தாய், யூலியாள், நேரேயின் உடன்பிறந்தாள் என ஒன்பது பெண்டிர் ஆங்கு வாழ்த்துப் பெறுகின்றனர். அவ்வதிகாரத்தின் தொடக்கத்தில் சபைக்கு அறிமுகம் செய்து வைக்கப்பெறும் பெபேயாளையும் கூட்டின் பதின்மர் ஆவர். இவருள் மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய நால்வரைக் குறித்தும் ‘பாடுபட்டு உழைத்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்க வினையொன்றைப் பவுல் ஆள்கின்றார். தம் அப்போஸ்தலப் பணியைக் குறிக்கவும் அவர் அவ்வினையையே பிற நிருபங்களில் ஆண்டுள்ளார். பிரிஸ்கில்லாளின் பெயரைக் கணவனாகிய ஆக்கில்லாவின் பெயருக்கு முன்னர் நிறுத்துகின்றார். அக்காலத்து முறைப்படி கணவன் பெயரே முன் நிற்றற்குரியது.

இனி, ஏழாம் வசனத்தில் அன்றோனீக்கு, யூனியா என்னும் இருவர் வருகின்றனர். அவர் இருவரும் பவுலின் இனத்தார், அவரொடு சிறைப்பட்டவர், அவருக்கு முன்னரே கிறித்துவைப் பின்பற்றியவர், அப்போஸ்தலருள் பெயர் பெற்றவர். பவுல் மனம் மாறியது இயேசுவின் சிலுவைச் சாவிற்குப் பின் சில ஆண்டுகளுக்குள் ஆகலின், அதற்கும் முற்பட்ட இவ்விருவரும் பாலத்தீனத்துத் தொடக்கச் சபையின் வட்டத்தைச் சார்ந்தோராதல் வேண்டும். இத்துணைச் சிறப்பும் பெற்ற இருவருள் ஒருவர் பெண்ணா, ஆணா என்பதே வழக்கு.

பெயரோ இரண்டாம் வேற்றுமை ஏற்று நிற்கின்றது. ‘யூனியான்’ என ஒலிக்கும் அவ்வடிவில் இறுதி னகரம் வேற்றுமை உருபே அன்றிப் பால் காட்டுவதன்று. (தமிழ்ச் செவிக்கு அவ்வீறு ஆண்பாலாய் ஒலித்தல் தற்செயல் என்க.) ஒலியழுத்தக் குறி ‘னி’ என்னும் அசைமேல் நிற்பின் அது யூனியா என்னும் பெண்பெயரின் வடிவு. வளைகுறி ஈற்றசைமேல் நிற்பின் யூனியாஸ் என்னும் ஆண்பெயரின் வடிவு. எழுத்துகளோ இரண்டிற்கும் ஒன்றே. தொன்மையான கிரேக்கச் சுவடிகள் இக்குறிகள் இன்றி எழுதப்பட்டவை. நம் ஓலைகளிற் புள்ளியின்மை எத்தகையதோ அத்தகையதே இஃதும். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பிற்காலத்தே, சிற்றெழுத்துச் சுவடிகளில் குறியிடும் வழக்கம் நிலைபெற்ற பின்னர், இப்பெயர்க்கு இடப்பட்ட குறி பெண்பெயர்க்கு உரியதாகவே காணப்படுகின்றது. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் பப்பிரசுச் சுவடி ஒன்று யூனியாவின் இடத்தில் யூலியா எனப் பாடங் கொள்கின்றது. பாடம் பிழைபடினும் பால் பிழைபடவில்லை என்பது நோக்கத்தக்கது.

பெயர் வழக்கை ஆராயின் ஐயம் மேலும் அகலும். யூனியர் என்பது உரோமாபுரியின் பழங்குடிகளுள் ஒன்று. அக்குடியிற் பிறந்த மகளிர் யாவரும் யூனியா என்றே பெயர் பெறுவர். சீசரைக் கொன்ற புரூட்டசின் உடன்பிறந்தாளும் கசியுசின் மனைவியுமாகிய யூனியா கி.பி. 22-இல் இறந்தமையை டாசிட்டசு குறித்துள்ளார். அக்குடியினரிடம் அடிமைப்பட்டு விடுதலை பெற்ற மகளிரும் அப்பெயரே பூண்டனர். பவுல் வாழ்த்திய யூனியாவும் அங்ஙனம் விடுதலை பெற்றவராகவோ, அத்தகையோர் வழிவந்தவராகவோ இருந்திருக்கலாம். உரோமாபுரிக் கல்வெட்டுகளில் மட்டும் இப்பெண்பெயர் 250-க்கும் மேற்பட்ட இடங்களில் கிடைத்துள்ளது. யூனியாஸ் என்னும் ஆண்பெயரோ கிரேக்கம், இலத்தீன் இரண்டினுள்ளும் ஓர் இடத்தேனும் ஐயத்திற்கு இடமின்றிக் கிடைத்திலது. யூனியானுசு என்னும் நீண்ட பெயரின் மரூஉ அஃது என்பர் சிலர். மரூஉ இயல்பென்பது உண்மையே. ஆயின் வழக்கில் ஒருகாலும் தோன்றாத மரூஉ ஒன்றைத் துணையாகக் கொண்டு, வழக்கில் நிறைந்து கிடக்கும் பெயரை விலக்குதல் எந்த மொழியின் ஆராய்ச்சிக்கும் ஏற்புடைத்தன்று.

தொடக்க நூற்றாண்டுகளின் உரையாசிரியர்கள் இதனை எங்ஙனம் கொண்டனர்? நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோகியாவிலும் பின்னர்க் கான்சுதாந்திநோபிளிலும் விளங்கிய பொன்வாயராகிய யோவான் கிறிசோசுதோம் இவ்வசனத்திற்கு உரை வகுக்குமிடத்து, அப்போஸ்தலர் என்னும் பெயர்க்கும் தகுதியுடையவளாக எண்ணப்பட்ட இப்பெண்ணின் மெய்யறிவை வியந்து போற்றுகின்றார். இவர் கிரேக்கத்தைத் தாய்மொழியாக உடையவர். பெண்கள் குருத்துவப் பணி ஏற்றலை உடன்படாதவர். குருத்துவம் குறித்துத் தாம் எழுதிய நூலில் அதனைத் தெளிவாகவே கூறியுள்ளார். தம் கொள்கைக்கு ஒவ்வாத ஒன்றை மூலத்திற் கண்டவிடத்தும் கண்டவாறே உரைத்தமையின், இவர் சான்று இரட்டிப்பு வன்மை உடையது என்பது நம் கருத்து. இதற்கு மாறாக எப்பிபானியுசின் பெயரால் வழங்கும் சீடர் பட்டியல் ஒன்று யூனியாசை ஓர் ஆணாகக் கூறும். அப்பட்டியல் பிரிஸ்கில்லாளையும் ஆண் ஆக்கிவிடுகின்றது. ஆக்கில்லாவின் மனைவியை ஆணாக்கிய நூலை இவ்வழக்கிற் சான்றாக அழைப்பது வீண்.

மேலைநாட்டில் இப்பெயர் ஆண்பாலாக மாறியது இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஆகும். 1316-இல் இறந்த உரோமாபுரி ஈசிடியுசு என்னும் உரையாசிரியர் இவ்விருவரையும் ஆடவர் எனக் கொண்டார். 1522-இல் வெளிவந்த மார்ட்டின் லூத்தரின் செருமானிய மொழிபெயர்ப்பு ஆண்பாற் சொல்லை அடையாக இட்டு இப்பெயரை வழங்கியது. அம்மொழியின் பெருஞ்செல்வாக்கால் அக்கருத்தும் பரவிற்று. எனினும் எராசுமுசு 1516-இல் அச்சிட்ட கிரேக்க மூலம் பெண்பெயர்க்குரிய குறியையே கொண்டது. 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்பும் யூனியா என்றே எழுதிற்று. 1881-இன் ஆங்கிலத் திருத்தம் யூனியாஸ் என மாற்றியது. 1946-இல் வந்த அமெரிக்கத் திருத்தமோ மூலத்தில் இல்லாத ‘ஆடவர்’ என்னும் சொல்லையும் சேர்த்து அச்சிட்டது. ஐயத்திற்கு இடமுள்ள பெயர்க்கு அருகே ஐயத்தைத் தீர்க்கும் சொல்லொன்றை மொழிபெயர்ப்பாளரே நட்டுவைத்தல் மொழிபெயர்ப்பாகாது.

கிரேக்க மூலத்தின் பதிப்புகள், சிற்சில நீங்கலாக, எராசுமுசு முதல் 400 ஆண்டுகள் பெண்பெயரையே தாங்கி வந்தன. 1898-இல் எபர்கார்டு நெசுலே தொடங்கிய பதிப்பும் அவ்வாறே. அவர் மகனார் எர்வின் நெசுலே 1927-இல் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் மூலத்தில் ஆண்பெயரின் குறி இடப்பட்டது. பெண்பெயர் அடிக்குறிப்பிற்கு இறக்கப்பட்டது. புதிய சுவடி ஒன்றும் கிடைத்ததால் நேர்ந்த மாற்றம் அன்று இது. 1979-இன் 26-ஆம் பதிப்பில் அடிக்குறிப்பிலிருந்தும் பெண்பெயர் மறைந்தது. 1966-இல் ஐக்கிய வேதாகமச் சங்கங்கள் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பும் ஆண்பெயரையே கொண்டது. அப்பதிப்புக் குழுவினருள் ஒருவராகிய புரூசு மெட்சுகர், குழுவின் ஆய்வுகளை விளக்கி எழுதிய நூலில், உறுப்பினர் சிலர் பெண்ணொருத்தி அப்போஸ்தலருள் ஒருத்தியாக எண்ணப்பட்டிருத்தல் அரிது எனக் கருதி இப்பெயரை ஆண்பெயராகக் கொண்டனர் என வெளிப்படையாகக் கூறுகின்றார். இவ்வழக்கில் நாம் தேடும் சான்று இதுவே. சுவடி, இலக்கணம், பெயர் வழக்கு, பண்டை உரை ஆகிய நான்கும் ஒரு பக்கம் நின்றன; ‘இயலாது’ என்னும் எண்ணம் மறுபக்கம் நின்றது; எண்ணமே வென்றது.

இதனை மறுத்து எழுந்த ஆராய்ச்சி எச்சூழலில் எழுந்தது என்பதையும் கூறல் வேண்டும். பெண்ணிய இறையியல் என இன்று வழங்கும் துறை திடீரெனத் தோன்றியதன்று. அமெரிக்காவில் அந்துவானெட் பிரவுன் 1853-இல் சபைப் போதகராக அமர்த்தப்பெற்றார். எலிசபெத் கேடி ஸ்டான்டன் பெண்டிர் சிலரைத் துணைக்கொண்டு விவிலியத்தில் மகளிர் பற்றிய பகுதிகளுக்கு எழுதிய உரை, ‘பெண்ணின் விவிலியம்’ என்னும் பெயரால் 1895, 1898 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய தேசியச் சங்கமே 1896-இல், 53-க்கு 41 என்னும் வாக்குக் கணக்கில், அந்நூலுக்கும் தனக்கும் தொடர்பில்லை எனத் தீர்மானித்தது. ஸ்டான்டன் அச்சங்கத்தின் தலைவராக இருந்தவர் என்பதை நினைத்தால் அத்தீர்மானத்தின் கடுமை விளங்கும். ஸ்டான்டனின் உரை பெரும்பாலும் விவிலியத்தைக் கண்டித்தது. அவர்க்குப் பின் எழுந்த புலமை வேறு நெறி பற்றியது. கண்டிக்குமுன், மூலம் உண்மையில் யாது கூறுகின்றது எனக் கேட்டது.

1977 சனவரியில் உரோமைத் திருச்சபை, பெண்களைக் குருத்துவத்திற்கு அமர்த்துதல் இயலாது என்பதை விளக்கும் ‘இன்டர் இன்சிக்னியோரெசு’ என்னும் ஏட்டை வெளியிட்டது. இயேசு பன்னிருவருள் ஒரு பெண்ணையும் அழைத்திலர் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. அவ்வேட்டிற்கு விடையாக அவ்வாண்டே தொகுக்கப்பெற்ற கட்டுரைகளுள், பெர்னடெட் புரூட்டன் யூனியாவைப் பற்றி எழுதிய சிறு கட்டுரையும் ஒன்று. சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை, மேலே நாம் காட்டிய சான்றுகளைத் திரட்டி நிறுத்தியது. 1989-இல் அமெரிக்கத் திருத்தத்தின் புதிய பதிப்பு யூனியா என மாற்றிக்கொண்டது. 1998-இல் நெசுலே-ஆலாந்து பதிப்பின் மறுஅச்சு பெண்பெயரின் குறியை மீண்டும் மூலத்தில் ஏற்றியது. ஆண்பெயர் அடிக்குறிப்பிலும் இடம்பெறவில்லை. எல்டன் எப் 2005-இல் வெளியிட்ட நூல் இம்மாற்றங்களைப் பதிப்புதோறும் அட்டவணையிட்டுக் காட்டுகின்றது.

வழக்கு அத்துடன் முடிந்திலது. யூனியா பெண்ணே எனத் தெளிந்தபின், அவர் அப்போஸ்தலர் அல்லர் என்னும் கருத்து புதிதாக வலுப்பெற்றது. மைக்கேல் பூரரும் டேனியல் வாலசும் 2001-இல் எழுதிய கட்டுரையில், ‘அப்போஸ்தலருள் பெயர் பெற்றவர்’ என்பதனை ‘அப்போஸ்தலரால் நன்கு அறியப்பட்டவர்’ எனக் கொள்ளல் வேண்டும் என்றனர். தமிழில் ‘புலவரிடைப் புகழ் பெற்றவன்’ என்னும் தொடர்க்கும் இவ்விரு பொருளும் கூறலாம். புகழ் பெற்றவன் புலவனாகவும் இருக்கலாம், புலவர் போற்றிய கொடையாளியாகவும் இருக்கலாம். ஆகவே இக்கருத்தை இலக்கணத்தால் மட்டும் தள்ளிவிடல் முறையன்று. ஆயின் கிரேக்கத்தைப் பேசி வளர்ந்த கிறிசோசுதோம் அதனை முதற்பொருளிலேயே கொண்டார். யூனியாஸ் என ஆணாகக் கொண்டு உரை எழுதிய காலமெல்லாம், அவ்வாணை அப்போஸ்தலருள் ஒருவனாக ஏற்பதில் உரையாசிரியர்கள் பொதுவாகத் தடை கண்டிலர். ‘அப்போஸ்தலர் ஆதலின் ஆண்’ என்ற நிலை போய், ‘பெண் ஆதலின் அப்போஸ்தலர் அல்லர்’ என்ற நிலை வந்தது. இவ்விரண்டையும் ஈன்ற முற்கோள் ஒன்றே என்பதை நாம் காணாதிருத்தல் இயலாது. எபிரேயப் பெயரொன்றின் கிரேக்க வடிவாக இதனைக் கொண்டு ஆண்பெயர் என நிறுவ 2008-இல் ஆல்பர்ட் உவோல்ட்டர்சு முயன்றதும் உண்டு. இலத்தீன் பெயர்கள் நிறைந்த வாழ்த்துப் பட்டியலில், கண்முன் நிற்கும் இலத்தீன் பெயரை விட்டு எபிரேயம் தேடிச் செல்லுதற்கு வலுவான காரணம் காட்டப்படவில்லை.

ஆயினும் ஓர் எல்லை குறித்தல் நேர்மையாகும். பவுல் அப்போஸ்தலர் என்னும் சொல்லைப் பன்னிருவர்க்கு மட்டும் உரியதாக ஆள்வதில்லை. தம்மையும் பிறர் சிலரையும் அப்பெயரால் வழங்குகின்றார். எனவே யூனியா அப்போஸ்தலர் என்பதிலிருந்து, இன்றைய குருத்துவப் பணியின் உரிமை நேரே பெறப்படாது. முதல் தலைமுறைச் சபையில், அனுப்பப்பட்டு நற்செய்தி உரைத்தோருள் ஒரு பெண் பெரும்பெயர் பெற்றிருந்தாள் என்பதே பெறப்படுவது. அதுவும் சிறிதன்று.

பெபேயாளின் செய்தியில் குறியெழுத்துச் சிக்கல் இல்லை, மொழிபெயர்ப்பே சிக்கல். கொரிந்தின் கிழக்குத் துறைமுகமாகிய கெங்கிரேயாவின் சபைக்கு இவர் ‘தியாக்கொனொசு’ என்கிறார் பவுல். இச்சொல் ஆண்பால் வடிவிலேயே இருபாற்கும் பொதுவாய் நிற்பது. பவுல் தம்மையும் அப்பொல்லோவையும் குறிக்க ஆளும் சொல் இது. பிலிப்பியர்க்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில் சபைப் பதவியினரைக் குறிக்கும் சொல்லும் இதுவே. 1611-இன் ஆங்கிலத்தில் ஆடவர்க்கு வருமிடத்துப் போதகர் என்றும், பதவிப்பெயராய் வருமிடத்து அப்பதவியின் பெயராலும் மொழிபெயர்க்கப்பெற்ற இச்சொல், பெபேயாளுக்கு வருமிடத்து மட்டும் வேலையாள் என்னும் பொருட்பட மொழிபெயர்க்கப்பட்டது. அடுத்து அவரைப் பவுல் ‘புரொசுத்தாத்திசு’ என்கின்றார். புரவலர், பாதுகாவலர் எனப் பொருள்படும் சொல்லின் பெண்பால் வடிவு அது. செல்வமும் செல்வாக்கும் உடையார் ஒருவர், பவுல் உட்படப் பலர்க்குப் புரவலராய் நின்றமை பெறப்படும்.

பெண்டிர் இப்பணியில் நின்றமைக்குக் கிறித்தவர் அல்லாதார் சான்றும் உண்டு. கருங்கடற் கரையை அடுத்த பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி, கி.பி. 112-ஐ ஒட்டிப் பேரரசர் திராயானுக்கு எழுதிய மடலில், கிறித்தவரின் வழக்கங்களை அறிதற்பொருட்டு அடிமைப் பெண்டிர் இருவரை வதைத்து வினவியதாகக் கூறுகின்றார். அவ்விருவரும் அச்சபையில் ‘மினிசுத்திரே’ எனப்பட்டனர். தியாக்கொனொசு என்பதற்கு நேரான இலத்தீன் சொல் அது. ஆளுநர் ஒருவர் ஒரு சபையின் உள்நிலை அறிய யாரைப் பிடிப்பார்? பொறுப்புடையோரையே பிடிப்பார். அவர் பிடித்தது பெண்டிர் இருவரை, அதுவும் அடிமைகளை. அவர்தம் பெயர்களைப் பிளினி எழுதவில்லை. ஒலிவ மலையில் 1903-இல் கிடைத்த கல்லறைக் கல்வெட்டு ஒன்று சோபியா என்பாளைத் தியாக்கொனொசு என்றும் இரண்டாம் பெபேயாள் என்றும் குறிக்கின்றது. 451-இல் கூடிய கால்சிதோன் சங்கம், 40 வயதிற்குட்பட்ட பெண்ணைத் திருத்தொண்டராக அமர்த்தலாகாது என விதித்தது. அவ்விதி அப்பதவி அக்காலத்தும் வழக்கில் இருந்தமையைக் காட்டும். இல்லாத பதவிக்கு வயதெல்லை வகுப்பார் இல்லை.

‘பெண்கள் சபையில் பேசாதிருக்க வேண்டும்’ என்னும் கருத்துடைய வசனங்கள் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தில் உள்ளனவே என வினவலாம். அந்நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில், செபம் செய்யும் பெண்ணும் தீர்க்கதரிசனம் உரைக்கும் பெண்ணும் தலைக்கு முக்காடிடல் வேண்டும் எனப் பவுல் கூறுகின்றார். வாய் திறத்தலே ஆகாதெனின் முக்காட்டு விதி எதற்கு? 14-ஆம் அதிகாரத்து 34, 35 ஆகிய அவ்விரு வசனங்களும் சில மேலைச் சுவடிகளில் அவ்விடத்தே நில்லாது 40-ஆம் வசனத்தின் பின் நிற்கின்றன. ஓரத்தில் எழுதப்பட்ட குறிப்பு ஏடெழுதுவோரால் உள்ளே புகுத்தப்படும்போது, ஒருவர் ஓரிடத்தும் மற்றொருவர் பிறிதோரிடத்தும் சேர்த்தல் சுவடி பயின்றார் அறிந்ததே. இடைச்செருகல் எனக் கார்டன் பீ 1987-இல் வாதிட்டது இவ்வடிப்படையில் ஆகும். ஆனால் அவ்வசனங்கள் அறவே இல்லாத சுவடி ஒன்றும் கிடைத்திலது என்பதையும் கூறல் கடன். யூனியாவின் வழக்கில் உள்ள உறுதி இவ்வழக்கில் இல்லை.

எலிசபெத் சூசுலர் பியொரென்சா 1983-இல் வெளியிட்ட ‘அவள் நினைவாக’ என்னும் நூல் இவ்வாராய்ச்சிக்கு ஒரு பொதுநெறி வகுத்தது. பண்டை நூல்கள் ஆடவரை நடுவாகக் கொண்டு எழுதப்பட்டவை ஆகலின், அவற்றிற் பெண்டிர் குறிக்கப்படாமை பெண்டிர் இல்லாமைக்குச் சான்றாகாது என்பதும், பொதுவில் ஆண்பாற்பன்மையால் கூறியன பெண்டிரையும் உளப்படுத்தும் என்பதும் அந்நெறியின் கூறுகள். இவற்றுள் இரண்டாவது தமிழிலக்கணம் பயின்றார்க்கு எளிதின் விளங்கும். கிரேக்கத்தில் ஆணும் பெண்ணும் கூடிய தொகுதி ஆண்பாற்பன்மையாகவே கூறப்படும். தமிழிலோ உயர்திணைப் பன்மைக்கு ஆண், பெண் என்னும் பிரிவே இல்லை. பலர்பால் இரண்டிற்கும் பொது. ஆதலின் 1946-இன் ஆங்கிலத்தில் புகுந்த ‘ஆடவர்’ போன்ற பிழை, ‘பெயர் பெற்றவர்கள்’ என எழுதும் தமிழ் மொழிபெயர்ப்பிற் புக இடமில்லை.

ஆனால் ஒருமையில் தமிழ் அத்துணைப் பொதுமை உடையதன்று. ளகர ஈற்றைப் பெண்பாற் குறியாகத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்தார். 1871-இல் நிறைவெய்திய தமிழ் வேதாகமத் திருத்தம் ஆகார ஈற்று அயற்பெயர்களை எழுதுங்கால் இம்மரபை ஒருவாறு பின்பற்றுகின்றது. ஆடவர் பெயராயின் ஆக்கில்லா, லூக்கா என ஈறு திரியாது நிறுத்தும். பெண்டிர் பெயராயின் பிரிஸ்கில்லாள், லீதியாள், மார்த்தாள், ஏரோதியாள் என ளகரம் சேர்க்கும். உரோமர் நிருபத்தின் அதே அதிகாரத்தில் பெபேயாளும் திரிபேனாளும் திரிபோசாளும் யூலியாளும் அவ்வாறே வருகின்றனர். யூனியா மட்டும் ளகரம் இன்றி நிற்கின்றது. யூலியாளுக்கு ஈந்த ளகரம் யூனியாவிற்கு மறுக்கப்பட்டமையின், மொழிபெயர்த்தோர் அதனை ஆண்பெயராகக் கொண்டனர் என்பதே பொருந்தும். அவர் கண்முன் இருந்த ஆங்கில மொழிபெயர்ப்பு பெண்பெயராகக் கொள்ளத்தக்க வடிவையே தந்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கொலோசெயர்க்கு எழுதிய நிருபத்தின் இறுதியில் வரும் நிம்பா என்னும் பெயர்க்கும் இந்நிலையே. இதுவும் ஒலியழுத்தக் குறி ஒன்றாற் பால் மாறும் பெயர். வத்திக்கான் சுவடி ‘அவள் வீடு’ எனப் பாடங் கொள்ளும். பிற்காலச் சுவடிகள் பல ‘அவன் வீடு’ எனக் கொள்ளும். இக்காலக் கிரேக்கப் பதிப்புகள் முன்னதை ஏற்றன. பழைய தமிழ்த் திருத்தம் பின்னதை ஏற்றது. தன் இல்லத்திற் சபை கூட்டிய ஒருத்தி இதனால் ஆடவன் ஆனாள்.

சொற்தேர்விலும் இது காணப்படும். பிலிப்பியர் நிருபத்திலும் தீமோத்தேயு நிருபத்திலும் தியாக்கொனொசு என்பது பதவிப்பெயராகக் கொள்ளப்பட்டு ‘உதவிக்காரர்’ என வந்துள்ளது. பெபேயாளுக்கு அப்பதவிப்பெயர் இல்லை, ‘ஊழியக்காரி’ என்பதே உண்டு. ஆயினும் பவுலையும் அப்பொல்லோவையும் ‘ஊழியக்காரர்’ என அத்திருத்தம் கூறுதலின், ஆங்கிலத்தைப் போலப் பெபேயாளை வேலையாளாகத் தாழ்த்தியது எனல் ஆகாது. அறிந்தோ அறியாமலோ, பெபேயாளும் பவுலும் தமிழில் ஒரே சொல்லால் குறிக்கப்பெற்றனர். புரவலர் என்னும் பொருளுடைய சொல்லோ ‘ஆதரவாயிருந்தவள்’ என மென்மை எய்திற்று.

தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களைக் குருமாராக அமர்த்தி வருகின்றது. அத்திருச்சபையின் முதற் பெண் பேராயராக எ. புட்பலலிதா 2013-இல் நந்தியால் பேராயத்தில் திருநிலைப்படுத்தப் பெற்றார். உரோமைத் திருச்சபையில் பெண்களுக்குத் திருத்தொண்டர் பணி உண்டா என்பதை ஆராய 2016-இலும் 2020-இலும் குழுக்கள் அமைக்கப்பெற்றன. இவ்வாராய்ச்சிகளிலெல்லாம் பெபேயாளின் பெயரும் யூனியாவின் பெயரும் இடையறாது எழுகின்றன. தமிழில் இதற்கான அடிப்படை வேலை இன்னும் எஞ்சியுள்ளது. தரங்கம்பாடியில் 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு, பப்ரீசியுசின் மொழிபெயர்ப்பு, இரேனியுசின் திருத்தம், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் துணையுடன் பெர்சிவல் உருவாக்கிய மொழிபெயர்ப்பு ஆகியவற்றை ஒப்பவைத்து, இவ்வதிகாரத்துப் பெண்பெயர்களின் ஈறு ஒவ்வொன்றிலும் எவ்வாறு நிற்கின்றது, ளகரம் எப்பதிப்பிற் சேர்ந்தது, எப்பெயர்க்குச் சேர்ந்திலது என அட்டவணைப்படுத்தின், யூனியாவிற்கு அஃது எக்காலத்தேனும் இருந்து நீங்கியதா, தொடக்கம் முதலே இல்லையா என்பது தெளிவாகும்.